பானட் உயரம்

பிப்ரவரி 4

மருமகளுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். நேற்று பாதியில் வைத்ததும் அதனால்தான். கடிதத்தில் கத்த முடியாது, கத்தினாலும் உன் காதில் விழாது. அதனால் எழுதுகிறேன். நீயும் பதில் சொல்வதானால் எழுத்திலேயே சொல். உன் புருஷனை நடுவில் தூது அனுப்பாதே. அவன் என்னிடம் ஒன்று சொல்வான், உன்னிடம் ஒன்று சொல்வான், கடைசியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டுவோம்.

நேற்று காலை ஒரு கிரேன் வந்தது. நான் வண்டியைக் கழுவி முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிரேன்காரன் ரொம்ப மரியாதையானவன். "கொஞ்சம் நகருங்கய்யா, வண்டிய எடுக்கணும்" என்றான். எந்த வண்டி என்று கேட்டேன். நான் கை வைத்திருந்த வண்டியையே காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, இந்தத் தெருவுக்கு பிளான் போட்டதே என் மருமகதான்" என்றேன். அவன் பையிலிருந்து பிளானை எடுத்தான். எங்கே வைத்து விரித்தான் தெரியுமா? என் கார் எஞ்சினுக்கு மேல் மூடி இருக்கிறதே, அந்த பானட் மேலேயே விரித்தான். மூலையில் உன் பெயர். நடுவில் என் வீடு. என் வாசலில், வண்டி நிற்கிற இடத்தில், ஒரு பெஞ்சும் இரண்டு செடித்தொட்டியும்.

அம்மாடி, நீ வந்து தெருக்கூட்டம் போட்டாயே, அன்றைக்கு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்? "தெருவில் நிறுத்தி வைக்கிற வண்டிகளை எடுத்துவிட்டால், அந்த இடம் மனிதர்களுக்குக் கிடைக்கும்" என்று நீ சொன்னபோது முதலில் கைதட்டியது யார்? "என் மருமக கொண்டு வர்ற திட்டம், சரின்னு சொல்லுங்க" என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சியது யார்? எதிர்வீட்டு முசுடு, எதற்கும் தலையாட்டாத மனுஷன், அவரையே தலையாட்ட வைத்தேனே!

நிறுத்தி வைக்கிற வண்டி என்றால் அடுத்தவர்களுடைய வண்டி என்றுதான் நினைத்தேன். என் வண்டி நிறுத்தி வைத்த வண்டியா? அது வீட்டில் இருக்கிற வண்டி. ஓடுவதில்லை என்பது வேறு விஷயம். நானும்தான் இப்போது ஓடுவதில்லை, என்னையும் கிரேனில் தூக்கச் சொல்வாயா?

டிரைவிங் ஸ்கூல் நடத்திய காலத்தில் இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். உனக்கும்தான். கல்யாணமான புதிதில், மேட்டில் வண்டி பின்னால் உருண்டபோது நீ ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். என் காலடியில் இன்னொரு பிரேக் இருந்ததால் இரண்டு பேரும் பிழைத்தோம். அந்த வண்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்னமும் உன் மாமனார்தான்.
ஆனால் கோபத்தில் இருக்கிறேன்.


பிப்ரவரி 9

மாமா,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தது தப்பாகிவிட்டது. கிரேன்காரரிடம் நீங்கள் சிரித்த இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். அடுத்த வரியில் அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பெண் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகனைச் சொல்லச் சொன்னேன். "நீயே சொல்லு, உன்னைத்தான் அப்பா திட்ட மாட்டாரு" என்று நழுவிவிட்டார். அப்புறம் கூட்டத்தில் நீங்கள் கைதட்டினீர்களா, சரி, மாமாவுக்குப் புரிந்துவிட்டது, பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன். உங்கள் வண்டி வண்டிகளில் சேர்த்தி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் மாமா, திட்டினாலும் சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். மாடி வீட்டு நர்ஸின் மகள் சாயங்காலம் டியூஷனுக்குக் கிளம்பும்போது, உங்கள் வண்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்துத்தான் தெருவைக் கடப்பாள். பைக்கில் வேகமாக வருகிறவனுக்கு அவள் தலை தெரியவே தெரியாது. நான் உங்கள் வீட்டு ஜன்னலில் நின்று பல நாள் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி அங்கே இருக்கக் கூடாது. அதில் மாற்றமில்லை.

வண்டி நகராட்சிக் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது. உறை போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன். இப்போது நடப்பது வெள்ளோட்டம்தான். மே மாதக் கடைசியில் தெருவில் எல்லோரையும் கூட்டிக் கேட்பார்கள். வேண்டாம் என்று கை தூக்குகிறவர்கள் அதிகமானால் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துவிட்டு, வண்டிகளைத் திரும்ப விட்டுவிடுவார்கள். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து பாருங்களேன். நாள் முழுக்க நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். சாய்மானம் உங்கள் முதுகுக்கென்றே செய்தது. போன முறை வந்தபோது நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனீர்களே, அப்போது அளந்துகொண்டேன்.

பிரஷர் மாத்திரையைக் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். கோபத்துக்குத்தான் அந்த மாத்திரையே.

உங்கள் மருமகள்


மார்ச் 2

அம்மாடி,

வேலை முடிந்துவிட்டது. மூன்று பெஞ்சு, தொட்டி தொட்டியாகச் செடி, தரையெல்லாம் சிவப்புக் கல். முதல் நாள் எல்லோரும் வந்து தடவிப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், "அழகா இருக்கு" என்றார்கள், அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

முதுகு விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். திருட்டுத்தனமாக அளந்தாலும் அளவு கச்சிதம்.

ஆனால் உட்கார்ந்து என்ன செய்வது? நீ சொன்னாயே என்று நேற்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். "இல்ல, சும்மா உக்காந்திருக்கீங்களே!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேறு வழியில்லாமல் குடித்தேன். பிறகு நர்ஸ் டூட்டிக்குக் கிளம்பி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்று, கையைப் பிடித்து நாடி பார்த்தாள். முசுடு தன் ஜன்னலிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

பஸ் வராத நிறுத்தத்தில் காத்திருப்பவன் மாதிரி இருந்தது. என் வீட்டு வாசலில் எனக்கே கூச்சமாக இருந்தது. இருட்டுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டேன்.

மற்ற இரண்டு பெஞ்சிலும் ஆள் கிடையாது. ஒன்றில் ஒரு நாய் படுக்கிறது. அதற்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

மாத்திரை போடுகிறேன்.

மாமா


மார்ச் 10

மாமா,

நாடி எப்படி இருந்தது என்று எழுதவில்லையே?

பழகுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். எல்லாத் தெருவிலும் அப்படித்தான். இங்கே அடுத்த நான்கு தெருவுக்குப் பிளான் தயாராக வைத்துக்கொண்டு, உங்கள் தெரு என்ன சொல்கிறது என்று காத்திருக்கிறார்கள். மேலதிகாரி தினமும் என் மேஜையைக் கடக்கும்போது "உங்க தெரு எப்படி இருக்கு?" என்கிறார். "ஒரு நாய்க்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றா சொல்ல முடியும்?

ஒன்று சொல்லட்டுமா மாமா? சொல்லக் கூடாது என்று இருந்தேன். அத்தை போன அந்த வருஷம் ஒரு மழை நாளில் உங்களுக்குப் போன் செய்தேன். குரல் கரகரவென்று இருந்தது. சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "இல்லம்மா, இன்னைக்கு இப்பத்தான் வாயைத் திறக்கிறேன்" என்றீர்கள். அப்போது விளக்கு வைக்கிற நேரம். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். எங்களோடு வந்து இருங்கள் என்றால் உங்கள் மகனும் நானும் பிடிக்காதவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். நானாவது உங்களோடு வந்து இருக்கலாம் என்றால் வேலை விடவில்லை.

உங்கள் தெரு இந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை. நான்தான் மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்று சேர்த்தேன். அந்த பெஞ்சு உங்களுக்காகப் போட்டது. நாலு பேர் வந்து உட்கார்ந்தால், ஒரு நாளைக்கு நாலு வார்த்தையாவது பேசுவீர்களே என்று போட்டது. அதில் நீங்கள் தனியாக உட்கார்ந்து வெந்நீர் குடித்தீர்கள் என்று படித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

மருமகள்


மார்ச் 17

அம்மாடி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெற்றதோ ஒன்று, அதுவும் ஆண்பிள்ளை, போனில் "சாப்டீங்களா" என்று கேட்பதோடு சரி. நீ என் குரலில் கரகரப்பைக் கேட்டுவிட்டுத் தெருவையே பெயர்த்திருக்கிறாய். உன் அத்தை இருந்திருந்தால், "கொடுத்து வெச்ச மனுஷன்" என்று என் தலையில் தட்டியிருப்பாள்.

ஆனால் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டாய். அன்றைக்கு மழை. மழை நாளில் நான் வண்டி கழுவுவதில்லை. அதனால்தான் பேச ஆள் இல்லை. மற்ற நாளில் எனக்குப் பேச்சுக்கு என்ன பஞ்சம்?

காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தால் போதும். தையல்காரம்மா துணியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் அறையில் துணியை முழுசாக விரிக்க இடம் கிடையாது. என் பானட்டை நான் துடைத்துத் தந்ததும் அதில் விரித்து, சாக்பீஸால் கோடு போடுவாள். கோடு போடுகிற கைக்கு இணையாக வாயும் ஓடும். யார் வீட்டில் யார் பெருத்துவிட்டார்கள் என்பதெல்லாம் அவள் டேப்புக்குத் தெரியும், அவள் மூலமாக எனக்கும் தெரியும். அடுத்து நர்ஸ், ராத்திரி டூட்டி முடித்து வருவாள். பையைத் தூக்கி வண்டிக் கூரையில் வைத்து, கதவில் சாய்ந்து பாதிக் கண்ணை மூடிக்கொண்டே ஆஸ்பத்திரிக் கதை சொல்லுவாள். "போய்த் தூங்கும்மா" என்றால், "இருங்க, இதைச் சொல்லிட்டாத்தான் தூக்கம் வரும்" என்பாள்.

முசுடு கடைசி. சோப்புத் தண்ணீர் ஓடி அவர் வீட்டுப் படிக்குப் போகும். அதைச் சொல்ல வருவார். "இது தெருவா, இல்ல உங்க குளியலறையா?" என்று ஆரம்பிப்பார். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, பேச்சு தண்ணீரை விட்டு நகராட்சிக்குப் போகும், பென்ஷனுக்குப் போகும், வெளிநாட்டில் இருக்கிற அவர் பெண் போன் செய்யாததற்குப் போகும். தண்ணீர் காய்ந்த பிறகும் அங்கேயே நிற்பார். இப்போது அவரோடு சண்டைகூட இல்லை. போன வாரம் எதிரில் பார்த்தபோது தலையை மட்டும் அசைத்தார். என்னமோ மாதிரி இருந்தது.

அதனால் நல்லபடியாகவே கேட்கிறேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு. மே மாதம் என் கை வேண்டாம் பக்கம்தான் தூக்கும். உன் மேல் கோபமில்லை. நீ இல்லாமல் வேறு யார் போட்டிருந்தாலும் இந்த பெஞ்சை இதற்குள் தூள் தூளாக்கியிருப்பேன்.

மாமா


மார்ச் 24

மாமா,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். ஆபீஸில் வரைகிற மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன். மேலதிகாரி வந்து படித்துவிட்டு, "யார் இந்த முசுடு?" என்றார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் அந்தத் தெருவை நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்தேன். எந்த மரம் எங்கே, எந்த வாசல் எவ்வளவு அகலம், எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் வண்டியை ஒரு கட்டமாகப் போட்டு, உள்ளே கோடு அடித்து, "இடைஞ்சல்" என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டத்தைச் சுற்றி மூன்று பேர் நின்றிருக்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் சாயங்காலங்களில். நீங்கள் கழுவுவது காலையில். அந்த நேரத்தில் நான் உங்கள் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீங்களும் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் மாமா. மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் அப்படியே சொல்லிவிடுகிறேன். அவர்கள் யாரும் வண்டிக்காக வரவில்லை. துணி விரிக்க ஒரு பலகை, பை வைக்க ஒரு உயரம், சண்டை போடக் கொஞ்சம் தண்ணீர், அதற்காக வந்தார்கள். வந்த இடத்தில் வேலையாக நீங்கள் நின்றீர்கள். பெஞ்சைப் பார்த்தால், வா, வந்து உட்கார்ந்து பேசு என்கிறது. பேசுவதற்கென்று வந்து உட்கார யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். வேறு வேலையாக வந்தவர்களுக்குத்தான் பேச்சு வாய்க்கிறது.

அதனால் வண்டியைத் தர மாட்டேன். நர்ஸ் மகள் இப்போது தெருவில் சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள் என்று அவள் அம்மா எனக்குப் படம் அனுப்பியிருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கும் வராது.

எனக்காக ஒரு காரியம் செய்வீர்களா? கிடங்குக்குப் போய் பானட்டின் உயரத்தை அளந்து எழுதுங்கள். நீளம், அகலம், முன்பக்கம் எவ்வளவு சரிகிறது, எல்லாம். மேலதிகாரி "பணம் தீர்ந்துபோச்சு, வாயை மூடிக்கிட்டு மே வரைக்கும் இருங்க" என்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்து நீங்கள் என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

மருமகள்


ஏப்ரல் 3

அம்மாடி,

வண்டிக்காக யாரும் வரவில்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாய். ஒரு வாரம் உனக்கு எழுதக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். இருந்து என்ன பிரயோசனம், அளவு எடுக்கத்தான் போனேன்.

எப்படிப் போனேன் என்று கேள். டேப் என்னிடம் இல்லை. தையல்காரம்மாவிடம் கேட்டால் ஊருக்கே சொல்லிவிடுவாள். முசுடு வீட்டுக் கதவைத் தட்டினேன். எதற்கு என்று கேட்டார். கிடங்கில் வண்டியை அளக்க வேண்டும் என்றேன். "திரும்பக் கொண்டு வரப் போறீங்களா? மறுபடியும் தண்ணியா?" என்று எகிறினார். எகிறிக்கொண்டே டேப்பையும் ஸ்கூட்டர் சாவியையும் எடுத்தார். நான் ஏமாற்றிவிடாமல் கூட வந்து பார்க்க வேண்டுமாம். பின்னால் உட்கார்ந்து போனேன். அந்த மனுஷனுக்கு சிக்னல் போடுகிற பழக்கமே கிடையாது. வழி முழுக்க என் கால் தன்னால் பிரேக்கைத் தேடியது.

கிடங்கில் மூலையில் நம் வண்டி. உறையை எடுத்துவிட்டிருந்தார்கள். பானட் மேல் செய்தித்தாள் விரித்து, இரண்டு காவலாளியும் ஒரு லாரிக்காரனும் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு என்றால் பேச்சு, சிரிப்பு என்றால் சிரிப்பு. பக்கத்திலேயே நல்ல மேஜை ஒன்று காலியாகக் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா என்று கேட்டேன். "உக்காந்தா மேலாளர் ஏன் உக்காந்திருக்கேன்னு கேப்பாருங்க. நின்னா கேக்க மாட்டாரு" என்றான் ஒருவன். நீ எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன். நான் இல்லாமலேயே என் வண்டியைச் சுற்றி இவ்வளவு பேச்சு!

அளவெல்லாம் தனித் தாளில் வைத்திருக்கிறேன். முசுடு ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையைப் பிடித்தேன். நான் சொல்லும் அளவை அவர் நம்பவில்லை, அவர் சொல்லும் அளவை நான் நம்பவில்லை, அதனால் எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்தோம். சுருக்கமாகச் சொன்னால், தையல்காரம்மாவுக்கு இடுப்பு உயரம், நர்ஸுக்கு முழங்கை ஊன்ற வாகு. திரும்பி வரும்போது டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினார். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். யாரிடமும் சொல்லாதே, அவர் பெயர் கெட்டுவிடும்.

மாமா


ஏப்ரல் 12

மாமா,

அளவு வந்தது. இரண்டு பேர் கையெழுத்திலும் ஒரே எண் இருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

மேலதிகாரி இறங்கி வந்துவிட்டார். புதிதாகப் பணம் கிடையாது, போட்டதை வைத்து மாற்றிக்கொள் என்கிறார். அதனால் நாய் படுக்கிற பெஞ்சைப் பிரித்து, அந்தக் கல்லை வைத்தே உங்கள் வாசல் ஓரமாக ஒரு மேடை கட்டப் போகிறோம். பானட் உயரம், பானட் நீளம். முனையெல்லாம் மழுக்கிவிடச் சொல்லியிருக்கிறேன், துணி கிழியாது. சுவரை ஒட்டி வருவதால் தெரு பார்வைக்குத் திறந்தே இருக்கும். உங்கள் வீட்டுக் குழாயை மேடையின் ஒரு முனைக்கு நீட்டித் தருகிறேன். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நகராட்சி உங்களிடம் ஒப்படைக்கிறது. மேடையைத் தினமும் கழுவ வேண்டும். கழுவ உங்களுக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதானே? முதுகு பெஞ்சு அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் உட்காரலாம், அப்போது யாரும் நாடி பார்க்க மாட்டார்கள்.

தண்ணீர் ஓடுகிற சரிவை, அதாவது தரையின் வாட்டத்தை, செடித்தொட்டி பக்கமாகக் கொடுத்திருக்கிறேன். இனி எதிர்வீட்டுப் படிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

மருமகள்


ஏப்ரல் 17

அம்மாடி,

எல்லாம் சரி. கடைசியில் சொன்னாயே, அது மட்டும் கூடாது.

அவரிடம் சொன்னேன், சொல்லாமல் இருப்பேனா? "அப்படியா, நல்லது" என்றார். அதோடு சரி. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஐயோ என்றிருந்தது.

அம்மாடி, அந்த மனுஷனிடம் தைக்கத் துணி கிடையாது, இறக்கி வைக்கப் பை கிடையாது. ஒரு குறை இருந்தால்தான் வீட்டை விட்டு வெளியே வருவார். அதையும் பிடுங்கிக்கொண்டால் ஜன்னல் திரைதான் கதி. வாட்டத்தைத் துளி அவர் பக்கம் விடு. படி நனைகிற அளவுக்குப் போதும். வழுக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வண்டியைப் பற்றியும் முடிவு பண்ணிவிட்டேன். கிடங்கிலேயே இருக்கட்டும், காவலாளிகளுக்குச் சாப்பாட்டு மேஜை வேண்டுமே. நேற்று ஸ்கூட்டரில் போய் என் பக்கத்து பிரேக் மிதியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். அடுத்த முறை வரும்போது உன்னிடம் தந்துவிடுகிறேன். நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாய், எனக்குத்தான் கால் நிற்கவில்லை.

மாமா


ஜூன் 8

மாமா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு வரி இல்லை. மேடை கட்டி முடித்ததாக மேஸ்திரி சொன்னார். தெருக்கூட்டம் நடந்ததாக ஆபீஸுக்குத் தகவல் வந்தது. வேண்டும் என்று கை தூக்கியவர்கள்தான் அதிகம், அடுத்த நான்கு தெருவுக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். மேலதிகாரி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் உங்கள் கை எந்தப் பக்கம் தூக்கியது என்று ஒருவருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அது தெரிந்தால் போதும்.

வாட்டத்தை மாற்றச் சொன்னபோது மேஸ்திரி, "அம்மா, தண்ணி அவங்க படிக்குல்ல போகும்?" என்றார். தெரியும் என்றேன். படித்த பெண் இப்படியா என்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. உங்களுக்காக என் தொழிலில் முதல் முறையாகத் தெரிந்தே தப்பு செய்திருக்கிறேன். அதற்காவது ஒரு பதில் போடக் கூடாதா? மறுபடியும் கோபமா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்கள் மகன் நேற்று போன் செய்தாராம், நீங்கள் எடுக்கவில்லையாம். மனசு ஒரு நிலையில் இல்லை மாமா. இரண்டு வரி போதும்.

மருமகள்


ஜூன் 12

அம்மாடி,

கோபமெல்லாம் இல்லை. உடம்பும் நன்றாக இருக்கிறது. காலையில் எழுத உட்கார்ந்தேன், தையல்காரம்மா கூப்பிட்டுவிட்டாள். கல்யாணத்துக்குத் தைக்கிறாளாம், மேடையை நன்றாகத் துடைத்துத் தர வேண்டுமாம். மீதியைச் சாயங்காலம்

ஜூன் 13

சாயங்காலம் முடியவில்லை. நர்ஸ் மகள் சைக்கிளோடு செடித்தொட்டிக்குள் விழுந்துவிட்டாள். அடியில்லை, செடிக்குத்தான் அடி. அவளுக்குப் பிரேக் எப்போது பிடிப்பது என்று நான் ஒரு பாடம் எடுத்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் யாரும் போகவில்லை, அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கும் இப்படித்தான், போன் உள்ளே அடித்துக்கொண்டிருந்ததாம், எனக்குக் கேட்கவில்லை. உன் புருஷனிடம் சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கூட்டத்தில் கை தூக்கினேன். வேண்டும் பக்கம்தான். இந்த முறை அவர்கள் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டுத் தூக்கினேன். எனக்கும் முந்தி ஒரு கை தூக்கியது, அது யார் கை என்று

ஜூன் 15

இதை இப்போது முடிக்காவிட்டால் முடிக்கவே மாட்டேன். முதல் கை முசுடுவுடையது. தூக்கிய கையோடு எழுந்து நின்று, "ஆனா தண்ணி பிரச்சினையை யாரும் கவனிக்கலை, நான் தினமும் வந்து கேட்கத்தான் போறேன்" என்றும் சொன்னார். அவரை இனி முசுடு என்று எழுதக் கூடாது என்று நினைக்கிறேன், ஆனால் வேறு பெயர் வாயில் வரவில்லை.

உனக்கு இன்னும் நிறைய எழுத வேண்டும். நீ என்னைப் பெற்றவளும் இல்லை, நான் பெற்றவளும் இல்லை, என் குரல் கரகரத்ததற்கு இவ்வளவு செய்திருக்கிறாய், அதைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து ஒரு பெரிய கடிதம் எழுத வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். நேரம்தான் கிடைக்கவில்லை.

இதோ, வாசலில் கதவைத் தட்டுகிறார். தண்ணீர் படிக்குப் போய்விட்டதாம். போய் என்னவென்று கேட்டுவிட்டு